நடுவில் ஒரு ஓ

அண்ணன் மகளுக்கு 18 முடிந்து ஐந்து மாதம்.

லைசென்ஸ் கையில் இருக்கிறது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அத்தையின் ஸ்கூட்டியில் எட்டு போட்ட வினை.

எந்த வண்டியில் எட்டு போடுகிறோமோ அந்த ரகத்துக்குத்தான் லைசென்ஸ். அட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் நிறைய பேருக்கு இது தெரிகிறது.

அட்டையில் எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று இருக்கிறது. கியர் வண்டிக்கு எம்.சி.டபிள்யூ.ஜி. நடுவில் ஒரு ஓ. அந்த ஓவை எடுக்க மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி 30 நாள், மறுபடி எட்டு.

“கியர் வண்டிதான் வேணும் சித்தப்பா.”

ஏன் என்று கேட்டேன்.

“ஏன்னா என்ன ஏன்?”

வேறு பதில் வரவில்லை. அப்படியே குறித்துக்கொண்டேன்.

அவள் தம்பிக்கு 16. இரவெல்லாம் போனில் ஆர்.எக்ஸ். 100 பார்க்கிறான். அவனிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும்தான்.

ஆர்.எக்ஸ். 100 கடைசியாக வந்தது 1996இல். அவன் பிறந்தது 2009இல்.

16 வயதுக்கும் சட்டத்தில் ஒரு லைசென்ஸ் உண்டு. கியர் இருக்கக் கூடாது, 50 சிசியைத் தாண்டக் கூடாது, பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம்.

சரி, அந்த 50 சிசி வண்டி எங்கே? திருச்சி கரூர் பைபாஸ் ரோட்டில் கடை கடையாகத் தேடிப் பார்த்தேன். எக்ஸ்.எல். கூட இப்போது 100. லைசென்ஸ் இருக்கிறது, ஓட்ட வண்டி இல்லை.

மணிக்கு 25 கிலோமீட்டர் போகிற பேட்டரி வண்டி உண்டு. அதற்கு லைசென்ஸே வேண்டாம்.

சின்னப் பையன் வண்டி எடுத்து மாட்டினால் பெற்றவருக்கு மூன்று வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2019இல் வந்த திருத்தம். அண்ணன் இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் பால் கணக்கு.

முதல் ஷோரூம்.

விற்பனைப் பையன் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ஸ்கூட்டர் வரிசைக்கு நடந்தான். நாங்களும் பின்னால் நடந்தோம். பாதி தூரம் போன பிறகுதான் அவள் நின்றாள்.

“அண்ணா, நாங்க பைக் பார்க்க வந்தோம்.”

“யாருக்கு மேடம்?”

“எனக்கு.”

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“அது ஜென்ட்ஸ் வண்டி மேடம்.”

வண்டியில் எங்கேயாவது அப்படி எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். டயர் பக்கம்கூட. டயரில் காற்று எவ்வளவு, எடை எவ்வளவு என்று இருந்தது. அது இல்லை.

ஒவ்வொரு கடை நோட்டீஸிலும் சீட் உயரம் மில்லிமீட்டரில். ரைடர் 780. ஸ்பிளெண்டர் 785. ஷைன் 100க்கு 786. கேஸில் ஓடும் ஃப்ரீடம் 825.

அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

780இல் நுனிக்கால்தான் எட்டியது. 785இல் முழுக்கால் ஊன்றியது. கணக்கு உதைக்கிறது. இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிகிறது, கால் குட்டையாகிறது. உயரத்தை அச்சடிக்கிறார்கள். அகலத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

எடை. ஷைன் 100, 99 கிலோ. ஸ்பிளெண்டர் 112. ரைடர் 123.

99க்கும் 123க்கும் நடுவே 24 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி. சென்டர் ஸ்டாண்டு போடும்போது அந்தச் சிப்பம் தெரிகிறது. ஓடும்போது தெரிவதில்லை.

சென்டர் ஸ்டாண்டு போடுவதற்குப் பலம் வேண்டாம். ஸ்டாண்டின் காதில் வலது காலை வைத்து, உடம்பு முழுக்க அதில் ஏறி நின்றால் போதும், வண்டி தானாகப் பின்னால் ஏறும். எனக்கே இது 40 வயதில் தெரிந்தது. அதுவரை தூக்கிக்கொண்டிருந்தேன்.

மைலேஜ் எவ்வளவு “குடுக்கும்” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி நமக்குத் தரவேண்டிய பாக்கி மாதிரி.

1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டு வைக்கலாம் என்று கதவைத் திறந்தது. 100 சிசி வரைக்கும் மட்டும். அதனால்தான் ஜப்பான்காரர்கள் நான்கு பேரும் வந்து இறங்கியது நூறில். ஓசூரில் சுசூகி, ஏ.எக்ஸ். 100, 1984. பிறகு ஹோண்டாவின் சி.டி. 100, யமஹாவின் ஆர்.எக்ஸ். 100, கவாசாகியின் கே.பி. 100.

ஒரு தலைமுறையின் ஆசைக்கு யாரோ ஃபைலில் அளவு எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன் வைத்திருந்தது ஏ.எக்ஸ். 100. நான் கியர் பழகியது அதில்தான், அவருக்குத் தெரியாமல். தெரிந்துவிட்டது. சைலன்சர் சுட்ட தழும்பு வலது கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது, ஐம்பது பைசா அகலத்தில்.

டூ ஸ்ட்ரோக் புகை வாசனையை இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் ஒரு கைப்பம்பு இருந்தது. அதையும்தான்.

இப்போதைய வண்டியில் சோக் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது, கார்புரேட்டர் போயிற்று, சோக்கும் கூடவே போயிற்று. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு நாலு உதை உதைக்கிற சத்தத்தில்தான் தெரு எழுந்துகொள்ளும். அவளுக்கு சோக் என்றால் ஜோக்கோ என்று தோன்றுகிறது.

கியர் பற்றி.

ஸ்பிளெண்டரில் நியூட்ரல் மேலே. அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முன்காலால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். ரைடரில் ஒன்று கீழே, மற்ற நாலும் மேலே, நியூட்ரல் நடுவில் ஒளிந்திருக்கும்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றது கீழே. அதை ஓட்டிப் பழகியவர் வேறு வண்டியில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். எங்கள் தெருவில் ஒருவர் அப்படியே காய்கறி வண்டிக்குள் போனார். தக்காளி.

“இது படிக்கட்டு மாதிரி இருக்கு” என்றாள், ஸ்பிளெண்டரை. “நியூட்ரலைத் தேட வேண்டாம். மேல ஏறிட்டா வாசல்தான்.”

கம்பெனிக்காரன் இதை விளம்பரத்தில் போட்டதில்லை.

இடது கால் செருப்பு மட்டும் கட்டை விரலுக்கு மேலே தேய்ந்திருந்தால் அவர் மேல்நோக்கிக் கியர் போடுகிறவர். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது பேர். நான் பார்த்ததை ஒருவர் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியில் இடம். டிபன் பாக்ஸ், துப்பட்டா, தண்ணீர் பாட்டில், நாப்கின், குடை. கியர் வண்டியில் எதுவும் கிடையாது. டேங்க் கவர் வாங்கினால் ஒரு ஜிப் பை வரும். அதில் ஆர்.சி. புக்கும் ஒரு துண்டும் வைக்கலாம்.

ஆண்களுக்கு இடம் வேண்டாம். சட்டையில் ஒன்று, பேன்ட்டில் நாலு பை. அவள் சுடிதாரில் பை இல்லை. சாவியை எங்கே வைப்பது என்பதே ஒரு பேச்சாக ஓடியது, இரவுச் சாப்பாடு முடியும்வரை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 123. பின்னால் ஆள் உட்காரும் இடம் இருந்தால் அந்த வண்டிக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். துணி சிக்கக் கூடாது என்பதற்காக.

சாரி கார்டு.

புது வண்டி எடுத்த பையன்கள் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறார்கள். மெக்கானிக் கடையில் ஒரு மூலையில் அது மட்டும் குவியலாகக் கிடக்கும். கேட்டால் சும்மா தருவார். அவரைப் பந்தலுக்கு ஒருவர் வாங்கிப் போனதாகச் சொன்னார்.

பழைய வண்டி பார்க்கலாம் என்று அண்ணன். ஆட்டோ கன்சல்டிங் கடை. 30 வண்டி, தலையை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு.

“சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டுன வண்டி.”

அடுத்ததும் டாக்டர் ஓட்டியது. அதற்கு அடுத்தது வாத்தியார். திருச்சியில் இத்தனை டாக்டர்கள் ஸ்பிளெண்டரில் போனதை நான் பார்க்கவில்லை.

டாக்டர் வண்டியின் கிக்கர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டர் 18,000 காட்டியது. ரப்பர் வேறு எண் சொன்னது. ரப்பரைத்தான் நம்பினேன்.

அந்தக் கடையில் ஒரு ஆர்.எக்ஸ். 100 இருந்தது. தனியாக, கண்ணாடிக்கு உள்ளே, தரையில் கம்பளம் விரித்து. புது ஸ்பிளெண்டரைவிட விலை கூடுதல். தம்பிக்காரனுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலாக ஏழு இதயம் வந்தது.

ஆசைக்கு சிசி கட்டுகிற கதை இங்கிலாந்திலும் உண்டு, வேறு அளவில். 1961இல் அங்கே பழகுநர் ஓட்டும் வண்டிக்கு 250 சிசி என்று எல்லை கட்டினார்கள். உடனே 250க்குள் ரேஸ் வண்டி மாதிரி ஒன்று வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். ரெடிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு செய்து கொடுத்தது. கான்டினென்டல் ஜி.டி., 1964. சிவப்பு டேங்க், குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார், ஐந்து கியர். எல் போர்டோடு ஓட்டலாம்.

ரெடிச் தொழிற்சாலை மூடியாயிற்று. திருவொற்றியூரில் ஆரம்பித்தது நிலைத்தது.

இப்போது அங்கே 17 வயதுக்கு 125 சிசி, 11 கிலோவாட். 19 வயதுக்கு 35 கிலோவாட். சென்னையில் செய்கிற 650இன் சக்தி அந்த 35க்குள் ஒரு மயிரிழையில் நிற்கிறது. தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் அப்படிப் படி இல்லை. 18 ஆயிற்றா, கியர் லைசென்ஸ் இருக்கிறதா, நாளைக்கே 1000 சிசி எடுக்கலாம். காசுதான் எல்லை.

சட்டத்தைவிட அம்மாக்கள் கெட்டி. அண்ணி சொன்ன எல்லை: “ஹாரன் அடிச்சா தெருமுனைல எனக்குக் கேக்கணும்.” அது சிசியா வேகமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 22ஆம் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18க்கு இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விற்பனைப் பையன் எங்களுக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான். போன தடவை ஜென்ட்ஸ் வண்டி என்ற அதே பையன்.

இந்தத் தடவை அவளிடமே பேசினான். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ரைடர் எடுத்துப் போனாளாம், போன மாதம். “நல்லா ஓட்டுறாங்க மேடம்.” யாருக்கோ பதில் சொல்வது மாதிரி சொன்னான்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து. 75 சிசியிலிருந்து 150 சிசி வரை ஒரே தொகை, 3,851 ரூபாய், வரி தனி. 97க்கும் 149க்கும் வித்தியாசம் இல்லை. அண்ணன் இதைக் கேட்டு ஒரு நிமிடம் 150 பக்கம் சாய்ந்தார். பிறகு பெட்ரோல் ஞாபகம் வந்தது.

பிரேக். 125 சிசியைத் தாண்டினால் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 வரை கால் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு போதும். 2019 ஏப்ரல் முதல். சின்ன வண்டிக்குச் சின்னப் பாதுகாப்பு. மண் ரோட்டில் விழுகிறவர்கள் சின்ன வண்டிக்காரர்கள்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஆயுத பூஜைக்கு டெலிவரி. ஸ்பிளெண்டர். கறுப்பு.

வண்டியின் பெயர் 1994இல் வந்தது. அவள் 2007.

ஷோரூமில் ஒரு மூன்றடி அட்டைச் சாவி வைத்திருக்கிறார்கள். அதைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். அண்ணன் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கி மாட்டின் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டார். நிஜச் சாவி ஏற்கெனவே அவள் கையில்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் இரண்டு. ஒன்று சப்பென்று நசுங்கியது. இன்னொன்று நழுவி ஓடியது. அப்பாயி முகம் மாறியது. ஓடிய பழத்தை எடுத்து மறுபடி வைத்து மறுபடி ஏற்றினோம்.

டேங்கில் பெட்ரோல் இல்லை. பங்க் வரை போதும் என்றார்கள். போதவில்லை. 112 கிலோவை 300 மீட்டர் தள்ளினோம். மாலை, சந்தனம், குங்குமத்தோடு.

சாயங்காலம் பழக மைதானம். முதல் நாள் 11 தடவை ஆஃப் ஆயிற்று. நான் எண்ணினேன், அவள் எண்ணவில்லை.

கிளட்ச்சை எப்படி விடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை செய்கிறது, வாய்க்குத் தெரியவில்லை. வழியில் நின்ற மெக்கானிக் ஒருவர்தான் சொன்னார்.

“கிளட்ச்சை விடாதம்மா. வழிய விடு.”

உள்ளங்கையைக் குவித்து, தண்ணீர் வைத்திருப்பது மாதிரி பிடித்து, விரலிடுக்கில் வழிய விட்டுக் காட்டினார். தண்ணீர் இல்லாமலே. ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். “இங்க வண்டி நகரும். இங்க நிக்கணும். அப்புறம்தான் மீதி.”

பன்னிரண்டாவது தடவை நகர்ந்தது.

எட்டு. தரையில் சுண்ணாம்பில் போட்டார்கள், பக்கத்து டிரைவிங் ஸ்கூல் பையன்கள். காலை ஊன்றக் கூடாது. ஸ்கூட்டரில் எட்டு போடுவது வேறு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் பிடித்தால் அதுவே தவழும். கியர் வண்டியில் முதல் கியர், அரைக் கிளட்ச், கால் பிரேக்கில் லேசாகக் கால். மூன்று உறுப்பு மூன்று வேலை. கண் மட்டும் சும்மா இருக்கிறது. கண்ணை வளைவின் முடிவில் வைத்தால் வண்டி அங்கே போகிறது. தரையைப் பார்த்தால் தரைக்குப் போகிறது.

போயிற்று. முழங்கையில் சிராய்ப்பு, கண்ணாடி ஒன்று உடைந்தது. சாரி கார்டு வளைந்தது. அதுதான் முதலில் தரையில் பட்டது. காலுக்கும் தரைக்கும் நடுவில்.

கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அப்பாயி கேட்டது: “விழுந்தியே, யாரும் பாத்தாங்களா?”

டெஸ்ட் வைக்கிற இன்ஸ்பெக்டரை இங்கே எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். பட்டப்பெயர் இல்லை, மரியாதையாகவே சொல்கிறார்கள்.

எல் போர்டு. அதே மத்திய மோட்டார் வாகன விதிகளில், 3. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரம். எழுத்து 10 உயரம், 2 தடிமன், அடியில் 9 அகலம். வெள்ளையில் சிவப்பு. இவ்வளவு துல்லியமாக எழுதியவர் எந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தாரோ.

ரோட்டில் பார்க்கிற எல் எல்லாம் ஸ்டிக்கர் கடைக்காரன் இஷ்டம். அவள் ஸ்கேல் வைத்துப் போட்டாள். தினசரி காலண்டரின் அட்டை. சிவப்புப் பெயின்ட் இல்லை. நெயில் பாலிஷ். ஒரு பாட்டில் முழுக்க, அண்ணியின் பாட்டிலில் பாதி. இரண்டு சிவப்பும் ஒன்றாக இல்லை. எல்லின் கால் கொஞ்சம் ரோஸ்.

வெயிலில் பளபளக்கிறது. அரசாங்கம் எதிர்பார்த்திருக்காது.

ஹெல்மெட்டுக்குள் சடை போகாது. சடையை வெளியே விட்டால் காற்றில் பின்னால் உட்காருகிறவர் முகத்தில் அடிக்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

எல் போர்டு விதியில் இன்னொரு வரி. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, பழக்கிவிடுகிறவரைத் தவிர. அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற மாதிரி அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எதைப் பிடித்து நிறுத்துவது?

அவளிடம் கேட்டேன். “கத்துங்க சித்தப்பா, நிறுத்துறேன்.”

மீட்டரில் இன்று 61 கிலோமீட்டர். அதில் 19 நான் பின்னால் இருந்தது. ஒரு தடவை கத்தினேன். அதற்குள் நிறுத்தியிருந்தாள்.

டெஸ்ட் தேதி இன்னும் வரவில்லை.